கூட வந்தவள்

ஏழு பேர் உட்காரும் வண்டியில்
கடைசி வரிசை, தண்ணீர்க் கேனுக்கும்
முறுக்கு டப்பாவுக்கும் நடுவில் என் இடம்.
முன்னால் பேச்சிமுத்து, சங்கரவடிவின் கணவர்,
பதினொரு வருடம் சரக்குக் கப்பலில் இருந்தவர்.
ஜெனோவா, நேப்பிள்ஸ், வெனிஸ்
எல்லாம் இறங்கி நடந்து பார்த்தாயிற்று.
சொந்த ஊரை இன்றுதான் பார்க்கப்போகிறாராம்,
என் புண்ணியத்தில்.

கிருஷ்ணாபுரத்தில்
ஒரு குறவன் அரசகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு
கல்லுக்குள் ஓடிக்கொண்டிருந்தான்.
அவன் விலா எலும்புகளை
வழிகாட்டி ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார்.
"இதே இத்தாலின்னா
பத்து யூரோ வாங்கிட்டு
பத்தடி தள்ளி நிக்கச் சொல்லுவான்."
சின்னவள் யாழினி அதற்குள்
ஒரு வீரனின் முழங்காலில்
சாக்லேட் கையைத் துடைத்திருந்தாள்.
யாரும் பார்க்குமுன் கைக்குட்டையால் அழித்தேன்.
கல் குளிர்ச்சியாக இருந்தது. மே மாதத்தில்.
தேவைக்கு மேல் கொஞ்ச நேரம்
துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இவங்க யாரு, தங்கச்சியா?"
"கூட வந்திருக்காங்க," என்றாள் நாத்தனார் கோமதி.
சரியான பதில்தான்.
படமெல்லாம் நான்தான் எடுத்தேன்.
இன்னும் நெருங்கி நில்லுங்கள்,
கதிரவா, நாக்கை உள்ளே போடு,
அண்ணே, தொப்பை.

பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தின் கீழே
பேச்சிமுத்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.
"நேராத்தான் நிக்கி," என்றார்,
ஏதோ ஏமாற்றிவிட்டதைப் போல.

குறுக்குத்துறையில் ஆறு கணுக்காலளவு.
அதன் நடுவில் முருகன் கோயில்.
மழைக்காலத்தில் முழுசாக முங்கிவிடுமாம்.
"இது நம்ம வெனிசு."
"வெனிசுல எருமை உண்டாண்ணே?"
"எருமை எங்கட்டி இருக்கு அங்க."
"பெறவு என்ன வெனிசு!"
கோமதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள்.

சங்கரவடிவும் நானும் படியில் இருந்தோம்.
இருபது வருடமாக ஒவ்வொரு பொங்கலுக்கும்
வா வா என்று எழுதியவள்.
வக்கீல் காட்டிய இடத்திலெல்லாம்
கையெழுத்துப் போட்டு முடித்த மறுவாரம்
நானாகவே வந்து நின்றேன்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
ராத்திரி தோசை சுட்டுக்கொண்டே
"நாளைக்கு ஊரைச் சுத்திப் பார்ப்போமாட்டி?" என்றாள்.
அவ்வளவுதான்.
இப்போதும் கேட்கவில்லை.
வெள்ளரிப் பிஞ்சை இரண்டாக முறித்து
உப்பு அதிகமிருந்த பாதியை என்னிடம் கொடுத்தாள்.

சாயங்காலம் நெல்லையப்பர்.
இசைத்தூண்களைச் சுற்றிக் கம்பி போட்டிருந்தது.
ஒன்றைத் தட்டினால் பக்கத்துத் தூணும் முனகுமாம்.
தட்டக் கூடாது என்று பலகை.
கதிரவன் காதை மட்டும் கம்பிக்குள் நீட்டி
"கேக்கு, கேக்கு," என்றான்.
எங்களுக்குக் கேட்டதெல்லாம்
கோமதியின் வீட்டுக்காரர்
காரை எங்கே நிறுத்தினோம் என்று போனில் கத்துவது.

சன்னதியில் தட்டை வாங்கிக்கொண்டு
பெயர் நட்சத்திரம் கேட்டார் அர்ச்சகர்.
சங்கரவடிவு மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.
பேச்சிமுத்து, உத்திரம்.
கதிரவன், ரேவதி.
யாழினி, பூசம்.
கோமதி, அவள் வீட்டுக்காரர்,
அவர் இன்னும் வந்து சேரவில்லை, அவருக்கும் சேர்த்து.
பிறகு, என் பக்கம் திரும்பாமலே,
"அமுதவல்லி, கேட்டை."

நான் அனுஷம். அடுத்தது கேட்டை.
விடுதியில் என் ஜாதகம் வந்த கவரை
எனக்கு முன்னால் பிரித்துப் படித்தவள் அவள்.
அன்றைக்கே ஒரு வரி தள்ளிப் படித்திருக்க வேண்டும்.
இத்தனை வருடமாக அந்தத் தப்பை
பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

அர்ச்சகர் என் பெயரைச் சொன்னார்,
கேட்டை என்றார்,
மணியடித்தது.
நான் திருத்தவில்லை.

வெளியே வந்தால் இருட்டிவிட்டது.
வண்டியில் முறுக்கு டப்பா காலி,
யாரோ அதை முன்னால் எடுத்துப்போட்டிருந்தார்கள்.
காலை நீட்டிக்கொண்டேன்.
மடியில் யாழினி, தூங்கி,
சாக்லேட் வாயோடு.